பூந்தி போட்ட ஊளையும் நான் குடித்த தண்ணீரும்

போன வருடம் ஆனி மாதம். எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். மூன்று வருடம் வீட்டிலிருந்தே வேலை பார்த்த என்னை, இனி தினமும் துவாக்குடி ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். கணவர் காலை எட்டு மணிக்கே கடைக்குப் போய்விடுவார். குட்டியாக வந்ததிலிருந்து எங்கள் நாய் பூந்தி ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை.

முதல் நாள் நான் படியிறங்கியதுமே ஊளையிட்டது. கிளம்பும்போது நாய் ஊளையிட்டால் ஆகுமா? சகுனம் பார்ப்பதில் நான் கறார். திரும்ப மேலே ஏறி, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, பூந்தியைக் கொஞ்சிவிட்டு மறுபடி கிளம்பினேன். மறுநாளும் அதே கதை. வாரக் கடைசியில் ஒரே காலையில் மூன்று தடவை ஏறி இறங்கினேன், பஸ்ஸையும் விட்டேன். பூந்தியோ பகல் முழுக்கக் கத்திக் கதவைப் பிறாண்டி, நகமெல்லாம் ரத்தம்.

"பாவம் அது. ஊர்ல அண்ணன் தோட்டத்துல விட்டுடுவோம். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்னாரு" என்றார் கணவர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மாலை கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். காலி பண்ணச் சொல்லப்போகிறார், வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் இறங்கினேன்.

"கோவிச்சுக்காதீங்க. தெனம் நீங்க ஏறி இறங்குறதப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஊளை விட்டா வந்துடுவீங்கன்னு அது கண்டுபிடிச்சிருச்சுங்க. அதான் சாயங்காலம் வரைக்கும் விடாம கூப்பிடுது!"

எனக்குச் சுருக்கென்றது. அட கடவுளே, அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்!

நான்கு நாள் லீவு போட்டேன். பையை மாட்டிக்கொண்டு, கொஞ்சாமல், பேசாமல் இறங்குவேன். கீழே அந்த அம்மாவோடு நிற்பேன். சத்தம் அடங்கிய பிறகுதான் மேலே ஏறுவேன். கீழே நிற்கும் நேரத்தை முதலில் இரண்டு நிமிடம், அப்புறம் பத்து, அப்புறம் ஒரு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனேன். ஊளை கேட்டால் என் கால் தானாகப் படிக்குப் போகும். "நில்லுங்க, என்ன அவசரம்?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் வண்டியோடு வந்து நின்றார். "அரை மணி நேரம் பொறுங்க மாமா" என்று எல்லோரையும் கீழே இறக்கிக் கதவைச் சாத்தினேன். ஒரு சின்ன முனகல். அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பூந்தி நான்கு காலையும் நீட்டித் தூங்குகிறது.

"இதுக்கா என்னை இவ்ளோ தூரம் வரவழைச்சீங்க?" என்று சிரித்தபடி, மாமா வெறும் வண்டியோடு திரும்பினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போனவள் எப்படியும் வந்துவிடுவாள் என்று பூந்தி நம்ப வேண்டுமானால், முதலில் நான் அதை நம்பித் தைரியமாகப் படியிறங்க வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.