பட்டாபிராமனின் படிவத்தில் மஹிமா

ஜூலை மாதம் வந்துவிட்டால் டாலிகஞ்சில் பட்டாபிராமன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட முடியாது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வங்காள ஊரில் தெரிந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது அவர்தான். காசு வாங்கமாட்டார், பதிலுக்கு உபதேசம் செய்வார். பொய் வாடகை ரசீதோடு வந்த ஒரு இன்ஜினியரை மாடிப்படி வரை துரத்திக்கொண்டு போய்த் திட்டியவர். அந்தக் கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு புதுப் படிவம் திறக்கமாட்டார். முந்தைய ஆளின் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, அதன் மேலேயே பெயரையும் எண்களையும் மாற்றி எழுதுவார். வங்கியில் கடிதங்களை அப்படித்தான் எழுதிப் பழக்கம். சென்ற ஜூலையில் ஹவுராவிலிருந்து நீலாவதி வந்தாள். ரயில்வே பட்டறை அலுவலகத்தில் கிளார்க், கணவர் இல்லை. நடக்க முடியாத பத்தொன்பது வயது மகள் மஹிமாவுக்காக அவளுக்குச் சட்டப்படி வரிச்சலுகை உண்டு. அவளுடைய படிவத்தை அனுப்பிவிட்டு, அதே சூட்டில் தன்னுடையதையும் முடித்தார். ரசம் ஆறுகிறது என்று மனைவி ஜலஜா மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள்.

செப்டம்பரில், நாலாயிரத்து இருநூறு திரும்பி வரவேண்டிய இடத்தில் முப்பதாயிரத்து இருநூறு வந்தது. பத்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். குழந்தையே இல்லாத பட்டாபிராமனின் படிவத்தில், அவரைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளி என்ற இடத்தில், மஹிமாவின் பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அதிகமாக வந்ததை வட்டியோடு கட்டி, திருத்திய படிவம் அனுப்பிவிட்டால் தீர்ந்தது. டிசம்பர் வரை அவகாசம். மற்றவர்களுக்கு நூறு தடவை சொன்ன விஷயம்தான். நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்தார். அதற்குள் துர்கா பூஜைத் தள்ளுபடியில் வாங்கிய ஏசி படுக்கையறைச் சுவரில் ஏறிவிட்டது. "பணம் ஏதுன்னா?" என்று ஜலஜா கேட்டதற்கு, "ஒரு டெபாசிட் முடிஞ்சது" என்றார். கூசத்தான் செய்தது. ஆனாலும் அன்று நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, நீலாவதி மூச்சிரைக்க இரண்டு மாடி ஏறி வந்தாள். கையில் மருத்துவச் சான்றிதழ்கள் அடைத்த ஃபைல்.

"சார், வரி ஆபீஸ்லேருந்து மெசேஜ் வந்திருக்கு. மஹிமா பேர்ல ரெண்டு பேரு சலுகை கேட்டிருக்காங்களாம். நான்தான் எங்கயோ தப்பாச் சொல்லித் தொலைச்சிட்டேன் போல. நீங்க தப்பு பண்ண மாட்டீங்க."

பட்டாபிராமன் ஃபைலைத் தொடவில்லை. "கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்மா. நான் பாத்துக்கறேன், நீ போ."

"இல்ல சார், அவளையும் கூட்டிட்டு வந்துட்டேன். ஆபீசர் யாராச்சும் கேட்டா நேர்லயே காட்டிடலாம்ல? கீழ வாசல்கிட்ட உக்காந்திருக்கா. டாக்சிக்காரருதான் தூக்கி எறக்கிவிட்டாரு."

அவர் செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினார். அந்தப் பெண்ணை அதுவரை பார்த்ததே இல்லை. குறைபாடு எண்பது சதவீதம் என்று தெரியும், அடையாள அட்டை எண் தெரியும், முகம் தெரியாது. பரீட்சைக்கு வந்தவள் மாதிரி தலையைப் படிய வாரி, அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நொமோஷ்கார், ஜேட்டு" என்றாள், வங்காளிப் பிள்ளைகள் பெரியப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி.

அதற்கு மேல் மறைக்க அவரால் முடியவில்லை. "தப்பு என்னோடதும்மா. என் படிவத்துல இவ பேரை அழிக்காம அனுப்பிட்டேன்" என்றார், பின்னாலேயே இறங்கி வந்த நீலாவதியிடம்.

அவள் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா சார்? கை தவறுறது சகஜம். இப்பத்தான் கவனிச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். ஆனால் மஹிமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செப்டம்பர்லயே தெரியும். அந்தப் பணத்துல ஏசி வாங்கிட்டேன்."

"அப்போ ரெண்டு மாசமா நான் உங்க பொண்ணா, ஜேட்டு?" என்று மஹிமா கேட்டுச் சிரித்தாள். நீலாவதி சிரிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு டாக்சி நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றே ஜலஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறுநாள் நிஜமாகவே இருந்த டெபாசிட்டை உடைத்து வட்டியோடு வரியைக் கட்டி, திருத்திய படிவத்தை அனுப்பினார். நீலாவதிக்குப் போன் செய்து, இனி அவளுக்குத் தொல்லை வராது என்றார்.

"சரிங்க சார். அடுத்த வருஷம் நானே போட்டுக்கறேன்" என்றாள்.

இந்த ஜூலையிலும் மேசை நிறைந்தது. ஒவ்வொருவருக்கும் புதுப் படிவம் திறந்தார். பொய் ரசீதோடு ஒருவன் வந்தபோது துரத்தவில்லை. "இது வேண்டாம்ப்பா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். கதவு தட்டப்படும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். கெடு முடிந்த முப்பத்தொன்றாம் தேதி வரை ஹவுராவிலிருந்து யாரும் வரவில்லை.