சிமெண்ட் யானையின் மறைவில்

அந்தத் தோட்டத்தை நான்தான் போட்டேன். எங்கே எது நிற்க வேண்டும் என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்தது என் கை. அதனால் நடந்ததற்கு வேறு யாரையும் நான் கை காட்டப் போவதில்லை.

ஓசூரில் பெண்கள் விடுதி ஒன்றில் நான் வார்டன். ஒரே கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் இருநூறு பேர் அங்கே இருக்கிறார்கள். இதற்கு முன் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பதினெட்டு வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள் நான். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். அதை ஒரு பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள், தொழிலாளிகள் தங்கும் இடத்தையும் பார்ப்பார்கள் என்று ஒரு நாள் கம்பெனி மேனேஜர் வந்து சொன்னார். பெங்களூரிலிருந்து தினமும் காரில் வந்து போகிறவர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். விடுதியின் பின்பக்கம் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் திறந்த இடம் இருந்தது. அங்கே ஒரு தோட்டம் வேண்டும், சும்மா செடி போதாது, சிலையெல்லாம் வைத்து ஒரு தீம் இருக்க வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் பெண் சிலை. எனக்குச் சுரீர் என்றது.

"இங்க காலையில இருநூறு பொண்ணுங்க பக்கெட்டோட தண்ணிக்கு நிக்கறாங்க சார். இன்னொருத்தி எதுக்கு?"

அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் நீங்களே ஏதாவது யோசியுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

யோசித்தேன். யோசிக்கப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு இடத்தைக் கொடுத்து உனக்குப் பிடித்ததை வை என்று சொன்னதில்லை. காடு என்று முடிவு செய்தேன். நடுவில் யானை, அதன் பக்கத்தில் குட்டி. ஒரு மான் ஜோடி, முயல்கள், உட்கார்வதற்குக் காளான் மாதிரி சிமெண்ட் ஸ்டூல்கள். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் சிமெண்ட் சிலை விற்கும் கடைக்கு மூன்று முறை பஸ்ஸில் போனேன். கடைக்காரர் வாயைத் திறந்த பெங்குவின் குப்பைத்தொட்டி இரண்டை என்னிடம் தள்ளிவிடப் பார்த்தார். காட்டில் பெங்குவின் ஏது என்று கேட்டேன். "காட்ல காளான் ஸ்டூல் மட்டும் இருக்குதாம்மா?" என்றார். ஒரு பெங்குவினை வாங்கிவிட்டேன்.

அந்த இடம் சும்மா கிடந்த இடமில்லை. எட்டுக் கம்பம் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, அங்கேதான் பெண்கள் துணி காயப்போட்டார்கள். நான் கொடிகளை அவிழ்த்து மொட்டை மாடிக்கு மாற்றினேன். மாடிக் கதவை மாலை ஐந்து மணிக்கெல்லாம் பூட்டிவிடுவேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் ஈரத் துணியை அறைக்குள் கட்டில் கம்பியில் போட்டுக்கொண்டார்கள். அறையே ஈர நாற்றம் அடித்தது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி கேட்டாள்:

"மானுக்கு எடம் இருக்குது. எங்க சுடிதாருக்குத்தான் எடம் இல்ல, இல்லீங்களா மேடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். மானை நான் தினமும் துவைக்க வேண்டியதில்லை என்று பதில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வாடிக்கையாளர்கள் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆண் மானின் கொம்பு உடைந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஷிப்ட் பெண்களையும் கூடத்தில் நிற்க வைத்து யார் உடைத்தது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் டி.வி. கிடையாது என்றேன். அடுத்த வாரம் ஒரு முயலின் காது போனது. கொடியை எடுத்த கடுப்பில் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மேனேஜரிடம் கேமரா கேட்டேன். கேமரா வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டேன். இரண்டே நாளில் தோட்டத்து மூலையில் கேமரா வந்தது, பேச்சும் பதிவாகிற வகை.

நான்கு நாள் கழித்துப் பெங்குவின் சாய்ந்து கிடந்தது. அன்று மேனேஜர் வேறு வேலையாக விடுதிக்கு வந்திருந்தார். அவரையும் உட்கார வைத்துக்கொண்டு, என் ஆபீஸ் அறையில் பதிவை ஓட்டினேன். பெங்குவின் நின்ற பக்கம் கேமராவில் சரியாகத் தெரியவில்லை. யானைப் பக்கம் நன்றாகத் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் தனியாக உள்ளே வந்தாள். ஒன்றரை வருஷமாக எங்களிடம் இருப்பவள். சத்தமே போடாதவள், லீவே எடுக்காதவள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, யானைக்குப் பின்னால் கட்டடத்துக்கு மறைவாக நின்றாள். கேமரா இருந்த மூலைக்கு அந்த மறைவு மறைவே இல்லை. போனை நீட்டிப் பிடித்து, யானையின் தும்பிக்கையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பாரு, அம்மா யானைய புடிச்சினு இருக்கேன் பாரு. கடிக்காது. நாளைக்கு அம்மா முயலு காட்டறேன். நீ சோறு துன்னியா?"

போனிலிருந்து ஒரு குழந்தை "ம்மா, ம்மா" என்று கத்தியது.

மேனேஜர் அப்போது திரையைப் பார்க்கவில்லை. தன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு அந்தப் பதிவை ஓட்டிவிட்டிருந்தால் அவருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஆனால் நான் நான்தானே. சத்தமாகக் கேட்டேன்:

"இவளுக்கு ஏது கொழந்தை?"

அவர் நிமிர்ந்தார். "ஹிந்தே ஹோகி, பின்னாடி போங்க" என்றார். நான் பின்னால் ஓட்டினேன்.

எங்கள் விடுதியில் கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் இடம். சேரும்போது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விடுதியில் இடம் இல்லையென்றால் கம்பெனியில் வேலையும் இல்லை. இது யாருக்கும் தெரியாத விதி இல்லை. மேனேஜர் அவளைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்து, திரையில் தன்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"எங்க அக்கா கொழந்தைங்க சார்."

மேனேஜர் தலையாட்டினார். அவர் நம்பினாரோ இல்லையோ, அவருக்கு ஒரு மணிக்கு மீட்டிங் இருந்தது. விட்டுவிடும் நிலையில்தான் இருந்தார். சும்மா இருக்க இரண்டாவது தடவையாக எனக்கு வாய்ப்பு வந்தது. நான் செய்தது இதுதான்:

"அக்கா புள்ள உன்ன எதுக்கு அம்மான்னு கூப்புடுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் இதைக் கேட்டேன் என்று அவளால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை ஒரு டிராவல் பேக், ஒரு பக்கெட், ஒரு தலையணையோடு போனாள். கேட்டில் நான்தான் கையெழுத்து வாங்கினேன். கணவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை, குழந்தைக்கு மூன்று வயது, அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவள் அறைப் பெண்கள் பிறகு சொன்னது. அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எட்டுப் பேருக்கும் தெரிந்து, எட்டுப் பேரும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரம் தண்ணீர் லாரி வந்தபோது தற்செயலாகப் பின்வாசலில் நின்றேன். லாரிக்காரர் குழாயைத் தொட்டிக்கு இழுத்தார். கனமான ரப்பர் குழாய் பாம்பு மாதிரி புரண்டு வந்து பெங்குவினை மறுபடி சாய்த்தது. அவர் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். மான் கொம்பும் இப்படித்தானா என்று கேட்டேன்.

"ஆமாங்க. வாரத்துக்கு ஒண்ணு உழும். நீங்க பாத்ததில்லீங்களா?"

நான் பார்த்ததில்லை. இருநூறு பெண்களை நிற்க வைத்துத் திட்டினேன், டி.வி.யை நிறுத்தினேன், கேமரா வைத்தேன். லாரியைப் பார்க்கவில்லை. மேனேஜருக்குப் போன் செய்து சொன்னேன். லாரியை முன்பக்கம் விடச் சொன்னார். அந்தப் பெண்ணை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "அது பேறே, வேற மேட்டர் மேடம். ரூல் இருக்குதல்லா?" என்றார். அவர் சொன்னது சரிதான். கொம்பு உடைந்ததற்காக அவளை அனுப்பவில்லை. நான் வாயைத் திறந்ததற்காக அனுப்பினார்கள்.

வாடிக்கையாளர்கள் வந்தார்கள். தோட்டத்தில் பத்து நிமிஷம் நின்றார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா யானையைத் தொட்டுக்கொண்டு போட்டோ எடுத்தாள். இதை வடிவமைத்தது எங்கள் வார்டன் என்று மேனேஜர் ஆங்கிலத்தில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைத் தேடிக் கிளம்பிப் போனேன். சேர்க்கைப் படிவத்திலிருந்து அவள் முகவரியைக் குறித்துக்கொண்டேன். அதுவும் விதிப்படி தப்புதான். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஊத்தங்கரையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

வாசலில் சாக்கு விரித்து நான்கைந்து பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் அதில் இருந்தாள். கை கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்துக்குக் கூட்டிப்போனாள். குழந்தை பின்னாலேயே வந்து அவள் நைட்டியைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தது. பெண் குழந்தை. பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

சிலைகளை உடைத்தது லாரிக் குழாய், அவளில்லை என்று தெரிந்துவிட்டது என்றேன். அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்கிற மாதிரி பார்த்தாள்.

"முன்ன கொடியில போர்வைங்க தொங்கும். அதுக்குள்ள நின்னு பேசுவேன், யாருக்கும் தெரியாது. நீங்க கொடிய அவுத்துட்டீங்க. சரி, யானை வந்துச்சி, அது பின்னாடி நின்னேன். இவளுக்கும் யானைன்னா பிரியம். அங்கயும் கேமரா வெச்சிட்டீங்க."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. விதி, மேனேஜர், நான் வாங்கும் சம்பளம் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசினாள். குரல் உயரவில்லை.

"எனக்காக நீங்க பொய் சொல்லணும்னு நான் நெனைக்கல மேடம். கேக்காம இருந்திருக்கலாம். அது மட்டுந்தான்."

புளி தட்டும் பெண்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே, இப்போது வேண்டுமானால் ஒரு பொய் சொல்லுங்கள் என்றாள். சூளகிரியில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அங்கேயும் விடுதி, அங்கேயும் அதே விதி. முன்பு இருந்த விடுதி வார்டனுக்குப் போன் செய்து விசாரிப்பார்கள். என் நம்பரைக் கொடுத்துவிட்டாள்.

"கல்யாணம் ஆவலன்னு சொல்லுங்க. இல்லன்னா இதேதான்," என்று சாக்கைக் காட்டினாள்.

சரி என்றேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் போன் வந்தது. அந்த விடுதி வார்டன், என் வயசுக் குரல். நல்ல பெண்ணா, சண்டை போடுவாளா, ஏன் நின்றாள் என்று வரிசையாகக் கேட்டாள். வீட்டில் உடம்பு சரியில்லை என்று நின்றதாகச் சொன்னேன். பிறகு அது வந்தது.

"கல்யாணம்?"

"ஆகல."

"நல்லாத் தெரியுமா? இப்பல்லாம் மறைச்சினு வராங்க."

"ஒன்றரை வருஷம் என் கண்ணு முன்னாடி இருந்த பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

போனை வைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயம் இது. என்னை நேர்மையானவள் என்று நினைத்துக்கொண்டு இதை நான் அன்றைக்கு அவளுக்குக் கொடுக்கவில்லை. அன்று பொய்கூடத் தேவைப்படவில்லை, சும்மா இருந்தால் போதும்.

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அவள் பழைய அறைப் பெண் ஒருத்தி சொன்னாள். எனக்கு அவள் தகவல் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தை மறுபடி ஊத்தங்கரையில், அவள் மறுபடி விடுதியில். நான் சரிசெய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இதில் எதுவும் இல்லை. அவள் ஒளிந்துகொள்ள இன்னொரு இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் பேசிய அந்த வார்டனை நான் நேரில் பார்த்ததில்லை. குரல் கறாராக இருந்தது, கேள்வி மேல் கேள்வி கேட்டாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேராகக் கேட்கிறவளாக அவளும் இருந்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.