அவள் கைக்கு அமைத்த வண்டி

இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு, மகள் ஆடிய கார்ப் பந்தய வீடியோ விளையாட்டு உறுத்தலாகவே இருந்தது. மழைச் சாலையின் வளைவில் வேகம் குறைக்காமல் திருப்பினாலும், வண்டியின் பின்பகுதி மெல்லச் சறுக்கித் தானே நேராகிவிடும். எந்த டயரும் அப்படிப் பிடிக்காது என்பேன். “கோயில் மலையில நீங்க கார் ஏத்தறப்போ பின்னாடி ஆட்டோக்காரன் திட்டிகினே வர்றான். நீங்க டயரைப் பத்திப் பேசறீங்க நைனா” என்பாள்.

காய்ச்சலில் அவள் போன பிறகு, மாலைகளில் அந்த விளையாட்டின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருகிறேன். அதன் கனத்தையும் பின்சக்கரங்களின் சறுக்கலையும் அவள் தன் கைக்கேற்ப அமைத்திருந்தாள். வளைவு வந்தால் ஸ்டியரிங் என் விரல்களை எதிர்த்துச் சற்றே திரும்பும். உள்ளிருக்கும் மோட்டாரின் விசை அது என்று அறிவேன். ஆனாலும் கையை எடுக்க முடிவதில்லை.

சென்ற வாரம் அரக்கோணத்திலிருந்து அவள் கணவர் வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, “புது அப்டேட் வந்துகீது மாமா. போட்டா நெசமா ரோட்டுல ஓடற மாதிரியே இருக்கும். நீங்க கேட்டுகினு இருந்தது தானே?” என்றார்.

“அவ வெச்சிருக்கறது?”

“அது போயிடும். அளவைக் குறிச்சு வெச்சாலும் வண்டி இதே மாதிரி திரும்பாதுங்க.”

சுவரிலிருந்த இணைய வயரைப் பிடுங்கினேன். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து, “நான் ஒரு ரவுண்டு ஓட்டட்டுமா மாமா?” என்று கேட்டார்.

எழுந்து இடம் கொடுத்தேன்.