ஆறு பேருக்குப் போதாத வருமானம்

ஒருவருடைய அம்மா அப்பா கனடாவுக்கு வரலாமா இல்லையா என்பதை, அவருடைய வருமான வரிக் கடிதத்தில் உள்ள ஒரேயொரு வரியைப் பார்த்துச் சொல்லுகிற வேலை என்னுடையது. ஸ்காபரோவில் ஒரு சேலைக் கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட குடிவரவு ஆலோசனை அலுவலகம். பங்குனி, சித்திரையில் வரிப் பத்திரமும் நிரப்பிக் கொடுப்போம். இதை வாசிக்கிற உங்களில் பலர் என் மேசைக்கு முன்னால் இல்லாவிட்டாலும், இப்படி ஏதோவொரு மேசைக்கு முன்னால் பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்கள். உங்களுக்கு விதி தெரியும். தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோரைக் கூப்பிடுகிறவர், முந்திய மூன்று வருடமும், அரசாங்கம் வைத்திருக்கிற தொகைக்குக் குறையாமல் உழைத்திருக்க வேண்டும். குடும்பத்தில் தலை கூடக் கூடத் தொகையும் கூடும். மூன்றில் ஒரு வருடம் குறைந்தாலும் சரிவராது.

கதைக்கத் தெரியாத பிள்ளை

கல்லூரியில் இரண்டு வருடம் சட்ட அலுவலக வேலைக்குப் படித்தேன். படிவங்களை நிரப்பத் தெரியும். மனிதர்களுடன் கதைக்கத்தான் வராது. அலுவலகத்தை நடத்துகிற மலர் அன்ரி நேர்முகத்தில் கேட்டவற்றுக்கெல்லாம் மேசையைப் பார்த்தே பதில் சொன்னேன். எப்படியோ எடுத்துவிட்டார்.

முதல் கிழமையே ஒரு அங்கிளுக்கு வருமானம் போதாது என்று சொல்லவேண்டி வந்தது. கொம்பியூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி விட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். கடைசியில் உள் அறையிலிருந்து மலர் அன்ரி வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் போனபிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பிள்ளை, இல்லையெண்டு சொல்லாதை. ‘இந்த முறை இல்லை’ எண்டு சொல்லு. ரெண்டும் ஒண்டுதான், ஆனா சனம் படியிறங்கிப் போகுமட்டும் கால் தாங்கும்.”

பாதி நாள் வேலை

சிவநேசன் அண்ணை முதன்முதல் வந்தது நான் சேர்ந்த வருடச் சித்திரைக் கடைசியில். மல்வேர்னில் வாடகை வீடு. மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். சாவகச்சேரிப் பக்கம் அம்மாவும் அப்பாவும் தனியே. பெற்றோரைக் கூப்பிட விருப்பம் என்று பெயர் கொடுத்துவிட்டு, குலுக்கலில் தன் பெயர் விழும்வரை காத்திருக்கிறவர்களில் அவரும் ஒருவர். பெயர் விழும்போது ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

அவர் ஒரு விருந்து மண்டபத்தின் குசினியில் சமையல் வேலை. சம்பளத்தில் பாதி காசோலை, பாதி கையில். கையில் வாங்குவதுதான் கெட்டித்தனம் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்களாம்: வரி குறையும், பிள்ளைகளுக்கு அரசாங்கம் தருகிற காசு கூடும். உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். வீட்டில் நாலு பேர், ஊரில் இரண்டு பேர், மொத்தம் ஆறு தலை. ஆறுக்கு வேண்டிய தொகைக்கு அவருடைய கடிதத்தில் இருந்த எண் கிட்டவும் வரவில்லை. அவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். எண்ணெய் தெறித்த தழும்புகள், பழையதும் புதியதும். கோபமில்லாமல்தான் சொன்னார்: “தங்கச்சி, நான் பதினாலு மணித்தியாலம் நிண்டு உழைச்சனான். இந்தக் கடதாசிதான் பாதி நாள் வேலைக்கு வரேல்லை.”

ஒரு நாளைக்கு நம்பட்டும்

இது என் பிழை. புல் வெட்டுகிற, தோட்டம் போடுகிற கம்பனியில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். மொத்த வருமானம் என்ற வரியைப் பார்த்தேன். மூன்று வருடமும் போதுமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒருவரிடம் நான் சந்தோஷமாகச் சொன்ன முதல் வசனம், “ஓம் அண்ணை, காணும்.” அவர் உடனே ஊருக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, “அம்மா, பாஸ்போட் எடுங்கோ” என்றார். அந்தப் பக்கத்தில் ஒரு வயதான குரல், “கடவுளே, கடவுளே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

போனை வைத்தபிறகு மலர் அன்ரி கடிதங்களை வாங்கிப் பார்த்தார். பனிக்காலத்தில் அந்தக் கம்பனியில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கு அரசாங்கம் தருகிற ஈ.ஐ. காசும் அந்த மொத்தத்துக்குள் கிடந்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கவேண்டும், நான் கழிக்கவில்லை. கழித்தால் மூன்று வருடமும் போதாது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அவருடைய அம்மாவிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்கவா என்று ஒருமாதிரிக் கேட்டேன். அந்த அண்ணை போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். “வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு ஒரு நாளைக்கு அவ நம்பிக்கொண்டு இருக்கட்டும்.”

மூன்று பேருடைய சம்பளம்

அடுத்த இளவேனிலில் சிவநேசன் அண்ணை தன் தம்பியையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார். குசினி வேலையைப் போன வருடம் வைகாசியிலேயே விட்டுவிட்டாராம். இப்போது மார்க்கம் நகரில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை, முழுச் சம்பளமும் காசோலை. மனைவி சுகந்தி அக்கா சனி ஞாயிறு பேக்கரியில். அப்படியும் மனதுக்கு நம்பிக்கையில்லாமல், மூன்று பேருடைய சம்பளத் துண்டுகளையும் ஒரே கவருக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் சேர்ந்து அம்மா அப்பாவைக் கூப்பிடுவதாம். பெற்றவர்கள் மூன்று பேருக்கும் சொந்தம்தானே என்பது அவர்களுடைய நியாயம்.

விதியில் அந்த நியாயத்துக்கு இடமில்லை. கணவனும் மனைவியும்தான் வருமானத்தைச் சேர்த்துக் காட்டலாம். சகோதரர்கள் சேர்க்க முடியாது. தனித்தனியாகப் பார்த்தாலும் சரிவரவில்லை. தங்கச்சி ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியவர். அவருடைய கணவருக்குக் கையெழுத்து வைக்கச் சம்மதமில்லை, தங்கச்சியே தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னார். தம்பி ஒஷாவாவில் இருக்கிறார். மனைவியின் பெற்றோரை ஏற்கெனவே கூப்பிட்டதால் அவர்களும் இன்னும் அவர் கணக்கில் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் மலர் அன்ரி விளக்கி முடித்ததும் தம்பிக்காரர் எழும்பினார். “நாலு பேர் சேர்ந்து பாடை தூக்கலாம். மூண்டு பேர் சேர்ந்து அம்மாவைக் கூப்பிடேலாது. நல்ல சட்டம் அன்ரி.”

ஆரை வேண்டாமென்பது

ஒரு மதியம் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு அக்கா தனியாக வந்தார். ஒரு கைக்குழந்தை. அம்மாவைக் கூப்பிடவேண்டும், கணவரும் தானும் சேர்ந்து உழைப்பது சரியாகத் தொகையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நான் நல்ல சேதி என்றேன். (ஈ.ஐ. காசைக் கழித்துப் பார்த்த பிறகுதான்.) அவர் சந்தோஷப்படவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிவிட்டு, “இன்னொரு பிள்ளை வந்தா?” என்று கேட்டார்.

இன்னொரு பிள்ளை என்றால் இன்னொரு தலை. தொகை ஏறிவிடும். அம்மா வந்து பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் இரண்டாவது பிள்ளையை யோசித்தார்களாம். யோசித்து முடிப்பதற்கு முன்பே அது வந்துவிட்டது, மூன்றாம் மாதம். கணவருக்கு இந்தக் கணக்கு இன்னும் தெரியாது. நான் பேனையின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கேட்டாரா, தனக்குள் கேட்டாரா தெரியவில்லை: “ரெண்டு பேரிலை ஆரை நான் வேண்டாமெண்டு சொல்லுறது?”

வராதவருக்கும் ஒரு இலை

தம்பி தங்கச்சியோடு வந்துபோய் இரண்டு வருடம் கழித்து, குலுக்கலில் சிவநேசன் அண்ணையின் பெயர் விழுந்தது. விண்ணப்பத்தை அனுப்ப அறுபது நாள். தொழிற்சாலையிலிருந்து நேரே, இரும்பு வைத்த சப்பாத்தோடு படியேறி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கடிதங்களைப் பரப்பினோம். கடைசி வருடம் போதும். அதற்கு முந்தியதும் போதும். முதல் வருடம் மூவாயிரத்துச் சொச்சம் டொலர் குறைந்தது. தை முதல் சித்திரை வரை, குசினியில் கையில் வாங்கிய நாலு மாதம்.

பழைய முதலாளி கடிதம் தந்தால் அந்த வருடத்தைத் திருத்தப் பார்க்கலாம் என்றார் மலர் அன்ரி. அடுத்த நாளே போய்க் கேட்டாராம். கையில் காசு கொடுத்ததை ஒப்புக்கொண்டால் தானும் மாட்டுப்படுவேன் என்று முதலாளி கதவைச் சாத்திவிட்டார். அப்படியென்றால் அப்பா நிற்கட்டும், அம்மாவை மட்டும் கூப்பிடலாமா, ஐந்து தலைக்கு என்றால் போதும்தானே என்று கேட்டார். மலர் அன்ரி வேறொருவருடன் இருந்தார். நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அம்மாவை மட்டும் கூப்பிட்டாலும், அவருடைய கணவர் என்றபடியால் அப்பாவும் ஒரு தலைதான். வந்தாலும் ஆறு, வராவிட்டாலும் ஆறு. இத்தனை நீளமாக நான் ஒருவரிடமும் கதைத்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, விட்டுவிட்டுப் போன கவரை எடுக்க வந்தார். ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். அப்பா சிரித்தாராம். “அப்பா கேக்கிறார் தங்கச்சி, ‘வராத எனக்கும் அங்கை இலை போட்டு வைக்கிறாங்களோ? நல்ல நாடுதான்’ எண்டு.”

ஐந்து

மூன்று கிழமை போயிருக்கும். சுகந்தி அக்கா போன் எடுத்தார். மாமாவுக்கு, அதாவது சிவநேசன் அண்ணையின் அப்பாவுக்கு, நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம், இவர் இரவு விமானத்தில் போகிறாராம். அழுதுகொண்டே சொன்னார். அந்த நேரம் என் மனதில் முதலில் வந்தது ஐந்து என்ற எண். இதை இன்றுவரை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் எழுதுகிறேன்.

அதன்பிறகு நாட்காட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அறுபதில் இருபது நாள் மிச்சம், பதினைந்து நாள் மிச்சம். ஒரு காலை மலர் அன்ரி ஃபைலை என் மேசையில் வைத்து, “நாள் போகுது பிள்ளை. அவருக்குப் போன் நீ எடுக்கிறியோ, நான் எடுக்கட்டோ?” என்றார். நான் எடுக்கிறேன் என்றேன். எடுக்கவில்லை. உங்கள் அப்பா இல்லாதபடியால் இப்போது போதும் என்பதை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். எழுதிய எல்லாமே வாழ்த்துச் சொல்வது மாதிரி இருந்தன. கிழித்துப் போட்டேன்.

பத்து நாள் இருக்கும்போது அவரே வந்தார். கொள்ளி வைத்தவர் என்பதால் மீசை இல்லை. தலையில் முடி அப்போதுதான் குத்திட்டு முளைத்திருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கவரிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தார். அதற்குக் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு, முத்திரையோடு. ஊரில் நின்றபோதே செய்வித்திருக்கிறார். அந்தக் கணக்கு என் மனதில் மட்டும் வந்ததல்ல என்று அதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவருக்கு அது எந்த நேரத்தில் வந்தது, விமானத்திலா, சுடலையிலா என்று நான் கேட்கவில்லை.

ஆறை அழித்துவிட்டு ஐந்தைப் போட்டேன். முதல் வருடமும் சரிவந்தது. சரிவந்தது மட்டுமில்லை, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அவர் அந்த மிச்சத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிவத்தை முதலிலிருந்து நிரப்பத் தொடங்கினோம். கூப்பிடுகிறவருடைய முழுப்பெயர் என்ற முதல் இடத்துக்கு வந்ததும், தட்டச்சுச் செய்யப் போன என் கையை நிற்கச் சொன்னார்.

“ஸ்பொன்சர் பண்ணுறவர் எண்டு அப்பான்ரை பேரைப் போடேலாதோ, தங்கச்சி?”

விண்ணப்பம் போய்விட்டது, வருமானம் போதும், அம்மா வரக்கூடும். எங்கள் அலுவலகத்தில் இப்படிப்பட்டதைத்தான் பிரச்சினை இல்லாத ஃபைல் என்று சொல்லுவோம்.