முதுகு மூடாத கோட்டு

அலுவலகத்தில் எல்லாரும் அவளை ‘சீசன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு வாரப் பத்திரிகையில் பெண்கள் பக்கம் அவள் பொறுப்பு. பருவம் மாறும்போதெல்லாம் டிசைனர்கள் கொண்டுவரும் புது உடைகளில் எவை சாதாரணப் பெண்களுக்குப் பொருந்தும் என்று எழுத வேண்டும். கட்டுரையில் வரிக்கு வரி சாதாரணப் பெண் வருவாள். படத்தில் மட்டும் வந்ததே இல்லை. அங்கே நிற்பவள் ஆறடி மாடல். அவள் போட்டால் கோணிப்பைகூட அழகாகத்தான் இருக்கும்.

எழுதுவதும் ஒரே பாட்டுத்தான். இந்த முறை தோள் அகலம், போன முறை தோள் குறுகல். அலுவலகத்துக்கும் போடலாம், விருந்துக்கும் போடலாம். இப்படியெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கறுப்புப் பேன்ட்டோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போவாள். அந்தக் கடைகளில் அவள் அளவுக்கே எதுவும் கிடையாது. வாசகிகள் போன் செய்து, “இது எனக்குப் பத்துமா மேடம்?” என்று கேட்டால், “கடையில கேட்டுப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிடுவாள். வைத்த பிறகு தன் மேலேயே எரிச்சலாக வரும்.

மாடலை விட்டுவிட்டுச் சாதாரணப் பெண்களையே படம் எடுக்கலாமே என்று ஆசிரியரிடம் பல வருடமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒரு குளிர்கால இதழுக்கு முன்னால் அவரே அவளைக் கூப்பிட்டார், ஏதோ தனக்கே தோன்றிய யோசனை மாதிரி.

“இந்தத் தடவை மாடல் வேண்டாம். நம்ம வாசகிங்க மாதிரி ஒருத்தங்க இருந்தா நல்லா இருக்கும். உங்க வீட்டுலயே யாராவது இருப்பாங்களே?”

“எங்க அக்கா இருக்காங்க சார்,” என்றாள், அவர் மனசு மாறுவதற்குள்.

அக்கா பார்சல் கிடங்கில் வேலை பார்ப்பவள். பெட்டி தூக்கித் தூக்கித் தோள் அகன்றுபோயிருந்தது. இரண்டு பிள்ளை பெற்ற வயிறு. எந்தக் கடைக்குப் போனாலும் தோளுக்குச் சரியாக இருப்பது இடுப்பில் பிடிக்கும், இடுப்புக்குச் சரியாக இருப்பதில் கையைத் தூக்க முடியாது. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்னையா? உங்க பத்திரிகை விக்கணுமா வேண்டாமா?”

“விளையாடாதக்கா. உன் அளவைச் சொல்லு.”

அக்கா அறைக் கதவைச் சாத்திவிட்டு டேப்பைச் சுற்றினாள். “உங்க மாமாவுக்கே தெரியாத நம்பர்டி இது. பத்திரமா வச்சுக்கோ.”

அந்த அளவை டிசைனரின் நிறுவனத்துக்கு அனுப்பினாள். நிச்சயமாகச் செய்கிறோம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

படம் எடுக்கும் நாளில் அக்கா லீவு போட்டிருந்தாள். முடி வெட்டி, நரைக்குச் சாயம் அடித்து, நகத்துக்கு பாலிஷ் போட்டு வந்திருந்தாள். அக்கா விரலில் பாலிஷைப் பார்த்தது அவள் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றுதான். ஸ்டுடியோவில் உடைகள் ஸ்டாண்டில் தொங்கின. எல்லாமே மாடல் அளவு.

“நான் அளவு அனுப்பியிருந்தேனே,” என்று உடைகளைக் கொண்டுவந்திருந்த ஸ்டைலிஸ்ட் பெண்ணிடம் கேட்டாள்.

“வந்துச்சு மேடம். ஆனா போட்டோவுக்குத் தைக்கிறது ஒரே சைஸ்தான். பெரிய சைஸ் கடைக்கு வரும்போது வரும்.”

“கண்டிப்பா வருமா?”

“வரும்னுதான் சொல்றாங்க.”

வெளியே போய் ஆசிரியருக்கு போன் செய்தாள். “படத்துல முன்பக்கம்தானே தெரியப்போகுது? எப்படியாவது சமாளிங்க. சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போயாகணும்,” என்றார். அக்காவைக் கூட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அக்கா மேக்கப் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கழுத்தைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கிளம்ப மனசு வரவில்லை.

செங்கல் நிறத்தில் ஒரு நீளக் கோட்டு. ஸ்டைலிஸ்ட் அதன் முதுகுத் தையலைக் கழுத்திலிருந்து கீழ் வரை பிரித்தாள். அக்காவுக்கு முன்பக்கமாக மாட்டி, பின்னால் டேப்பும் கிளிப்பும் போட்டு இழுத்து நிறுத்தினாள். பின்னாலிருந்து பார்த்தால் உள்சட்டையும் கிளிப் வரிசையும்தான். முன்னாலிருந்து பார்த்தபோதோ அக்காவை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த நிறம் அக்காவுக்கென்றே பிறந்தது போல இருந்தது.

“கையைத் தூக்காதீங்க, திரும்பாதீங்க,” என்றார் போட்டோகிராபர்.

அக்கா உதட்டை அசைக்காமல் அவளிடம் கேட்டாள், “நல்லாத்தான் இருக்கேன், இல்ல?”

“ரொம்ப நல்லா இருக்கக்கா.” அது பொய்யில்லை.

“கடைக்கு வந்ததும் சொல்லு. ஒண்ணு வாங்கிடுறேன்.”

கட்டுரையின் கடைசியில் அவள் ஒரு வரி சேர்த்தாள்: படத்திலுள்ள கோட்டு முதுகில் பிரித்து மாட்டப்பட்டது, உங்கள் அளவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டார். ‘எல்லா உடம்புக்கும் ஏற்ற குளிர்காலம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார். அச்சான பிறகுதான் அவள் பார்த்தாள்.

கிடங்கில் அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார்கள். கடைக்கு வந்ததும் சொல் என்ற அக்கா, தங்கை சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, விடுமுறை நாளில் அந்தக் கோட்டு விற்கும் கடைக்கே போய்விட்டாள். அங்கே நடந்தது அன்று மத்தியானம் அக்கா நேராகத் தங்கை வீட்டுக்கு வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

“தண்ணி குடிக்கிறியாக்கா?”

“தண்ணி கிடக்கட்டும். அந்தக் கோட்டு என் சைஸுல இருக்கா இல்லையா?”

அவள் எடுத்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“விக்கிற பொண்ணு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, உங்க சைஸ் நாங்க வைக்கிறதில்லைன்னா. பத்திரிகையை எடுத்துக் காட்டி, இது நான்தாம்மான்னு சொன்னேன். அவ படத்தைப் பார்க்கிறா, என்னைப் பார்க்கிறா, நம்பவே இல்ல. மேனேஜரைக் கூப்பிட்டா. அந்த ஆளு ரொம்ப மரியாதையா, அது போட்டோவுக்குன்னு பண்ணது, நீங்க ஸ்கார்ஃப் பாருங்களேன்னாரு.” அக்கா குரல் உடைந்தது. “நாலு பேருக்கு முன்னாடிடி. அவங்களும் எனக்காக ஆளுக்கொரு ஸ்கார்ஃபை எடுத்துப் பார்த்தாங்க, சும்மா நிக்க சங்கடமா இருக்கேன்னு.”

“வரும்னு சொன்னாங்கக்கா. நான் ஒரு வரி எழுதினேன், அதை எடுத்துட்டாங்க.”

“எனக்கு போன் பண்ணிச் சொல்ல யாரு தடுத்தா?”

அக்கா உட்காராமலே போய்விட்டாள்.

மறுநாள் ஆசிரியர் அறைக்குப் போனபோது அவர் வாய் நிறையச் சிரிப்போடு இருந்தார். இவ்வளவு பாராட்டு வேறு எந்த இதழுக்கும் வந்ததில்லையாம். ஒவ்வொரு சீசனும் இப்படியே செய்யலாமாம்.

“எங்க அக்காவைக் கடையில அவமானப்படுத்திட்டாங்க சார். இனிமே படத்துக்குக் கீழ, கடையில இருக்கிறதுலயே பெரிய சைஸ் எதுன்னு போடணும். இல்லேன்னா நான் எழுத மாட்டேன்.”

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே யோசித்தார். “சின்ன எழுத்துலதானே? போட்டுக்கோங்க.”

அடுத்த இரண்டு சீசன்கள் அந்தச் சின்ன எழுத்து வந்தது. அதற்காக அவள் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, தொங்கும் உடைகளைத் தானே புரட்டிப் பார்த்தாள். ஒரு வாசகி போன் செய்து, “நல்ல வேளை, வீண் அலைச்சல் மிச்சம்,” என்றபோது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது சீசனில் விளம்பரம் கொடுப்பவர்கள் முகம் சுளித்தார்கள். எங்கள் துணிக்குக் கீழேயே இதற்கு மேல் சைஸ் கிடையாது என்று போட்டால் யார் கடைக்கு வருவார்கள் என்று கேட்டார்களாம். சின்ன எழுத்து போயிற்று. ஆறடி மாடலும் திரும்பி வந்துவிட்டாள்.

இதற்குள் அக்கா மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் போன் செய்து, பெரியவனுக்குக் காய்ச்சல், டாக்டரிடம் கூட வர முடியுமா என்று கேட்டாள், இவள் போனாள். காத்திருக்கும் நேரத்தில் சின்ன எழுத்து போன கதையைச் சொன்னபோது, அக்கா வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, “விடு” என்றாள். இவளால் விட முடியவில்லை.

அவளாகவே பெண்கள் பக்கத்தை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பதிலுக்குக் கிடைத்தது யாரும் கேட்டு வாங்காத வீட்டுப் பராமரிப்புப் பக்கம்: ஈரம் ஏறிய சுவர், அடைத்த சிங்க், ஒழுகும் குழாய். தகுதிக் குறைவு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். குழாய்க்கு என்ன வாஷர் போடலாம் என்று எழுதுவதற்கு முன் அவள் கடைக்கு போன் செய்து, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறாள். எல்லா அளவிலும் இருக்கிறது என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் வருகிறது.