பின்சுவர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எங்கள் லயத்து அறையின் சுவர்களில் குறிச்சீட்டு ஒட்டியது. அறையை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து, கணினியில் அதே அளவில் மறுபடி கட்ட அந்தச் சீட்டுகள் வேண்டும். அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சி, நான் காட்டிய இடங்களில் ஒட்டினாள். பின்சுவரில் அடுப்புக் கரி. சீட்டு நிற்கவில்லை. துணியால் துடைக்கப் போனவளைத் தடுத்தேன். கரியும் படத்தில் வர வேண்டும்.

"தொடைக்கவும் கூடாதா? நல்லா இருக்குடி ஒன் வேல."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அம்மா பெயர் ராசம்மா. தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தாள். கல்யாணமாகி அதே லயத்து வரிசை வீடுகளில் சில கதவுகள் தள்ளி வந்தாள். கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். அப்பா போன பிறகும் அங்கேயே இருந்தாள். அறைக்கு ஒரு கதவு மட்டும். ஜன்னல் கிடையாது. அடுப்பும் உள்ளேதான். பின்சுவருக்கு அப்பால், பள்ளத்தில் பதுளை ரயில் போகும். அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்வாள். வீட்டுக்குள்ளிருந்து ரயிலை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அந்தச் சுவரில் ஒரு ஜன்னல். பல வருடமாக அவள் கேட்டது அவ்வளவுதான். சுவர் தோட்டத்துக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் தொட முடியாது. தோட்டத்து மேலாளராகப் புதிதாக வந்த தொரை ஒரு நாள், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில் சரி என்றார். அன்று மாலையே தெமோதரையில் மர்ஸூக் நானாவின் மரக்கடைக்குப் போய் ஜன்னல் செய்யச் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகுதான் எங்கள் லயம் மரபுரிமைக் கண்காட்சிக்குத் தெரிவானது. பதுளையில் ஒரு மண்டபத்தில் மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆட்கள் பழைய லயத்துக்குள் நடந்து பார்ப்பார்கள். தொழில்நுட்ப வேலை எனக்கு. திறப்பு விழா முடியும்வரை லயத்தில் எதையும் மாற்றக் கூடாது என்று தோட்டத்து ஆபீஸ் சொன்னது. மழையில் விழா தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

வேலை பாதி முடிந்ததும் கண்ணாடியை அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். அறைக்குள் நின்றபடியே அதே அறையைப் பார்த்தாள். கையை நீட்டி அடுப்பைத் தேடினாள்.

"ஏன்டி யசோ, இதுலருந்து வெளிய போகத்தானே ஒன்னயப் படிக்க வச்சேன். நீ என்னய உள்ள வச்சு இன்னொருக்கா அடச்சுட்டியே."

"பாருங்கம்மா, அப்படியே இருக்குல்ல?"

"அதான் சொல்றேன். அந்தச் செவுத்துல ஒரு ஜன்னல வையி."

"இல்லாதத வைக்க முடியாதும்மா."

"இதுக்கும் தொரைகிட்டக் கேக்கணுமா?"

கண்ணாடியைக் கழற்றித் தந்தாள். "விழா முடியட்டும். நானாகிட்ட ஜன்னல வச்சிருக்கச் சொல்லியிருக்கேன். நீயும் வா, எடுத்துட்டு வந்துருவோம்."

அந்த மழையிலேயே அம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றியது. பதுளை ஆஸ்பத்திரியில் இறந்தாள். அங்கே அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருந்தது. அவள் கண் திறக்கவில்லை.

விழா நடந்தது. கண்ணாடி மாட்டிய ஒரு பெண் உடனே கழற்றிவிட்டு, மூச்சு முட்டுகிறது என்றார். ஏற்பாட்டாளருக்கு மகிழ்ச்சி. "அந்த உணர்வுதான் வேணும் மிஸ்," என்று என்னிடம் சொன்னார். கண்ணாடியோடு கேட்கும் அறையின் ஒலிப்பதிவில் ரயில் போகிறது. ரயிலுக்குப் பின்னால் அம்மா இருமுகிறாள். அந்த இருமலை நீக்கித் தரச் சொன்னார்கள். நான் நீக்கவில்லை. தினமும் யாரோ உள்ளே போகிறார்கள், அவள் இருமுகிறாள்.

லயத்து அறையை இந்த மாதம் காலி செய்து கொடுக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர் எங்கள் வீட்டில் இப்போது யாரும் இல்லை.

நேற்று மர்ஸூக் நானா அழைத்தார். அவருக்குச் செய்தி தெரியாது.

"மகள், அம்மாட ஜன்னல் இன்னும் கடையிலதான் கிடக்கு. சொன்ன மாதிரியே வெளிப்பக்கம் தொறக்கிற மாதிரிப் போட்டிருக்கேன். எப்ப வாறாங்க?"