ஜெயமணி அக்காவின் அடிவரி

புதன்கிழமை காலை ஆறு பதினொன்றுக்குச் செய்தி வந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போது நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று. அதில் குறைந்தது பதினைந்து நான். அந்த எண்ணை மறைத்துக்கொண்டு பாஸ்டர் பிரகாஷின் பெயர் வந்தது.

"ஹரீஷ், ஜெயமணி அக்கா போயிட்டாங்கப்பா. கம்பெனி பஸ்சுக்கு நின்ன இடத்துலயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

நான் "ஐயோ" என்றேன். வாய் அதைச் சொல்லும்போதே மனம் வேறொன்றைக் கேட்டது: வருகிற ஞாயிறு பாட்டு வரி ஸ்லைடு யார் போடுவது? அழுகை வர இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. முதலில் வந்தது ஸ்லைடுதான்.

எங்கள் சபை ஓசூர் மத்திகிரியில் இருக்கிறது. முன்பு கோழித்தீவன குடோனாக இருந்த தகரக் கூரைக் கட்டடம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். நான் விஷுவல் கம்யூனிகேஷன் பட்டதாரி. பாகலூர் சாலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்கிறேன். ஓசூரைத் தாண்டாத மணமக்களை நீர்வீழ்ச்சிக்கு முன்னால் ஒட்டுவது என் தொழில். சபையில் எனக்கு 'மீடியா டைரக்டர்' என்று பெயர். வைத்தது நான்தான். முதுகில் 'மீடியா' என்று அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட் பத்து வாங்கினேன். குழுவில் இருந்தது நானும் ஜெயமணி அக்காவும். புடவைக்கு மேல் இதைப் போட முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஆக, ஒன்று என் மேல், ஒன்பது பீரோவில்.

ஜெயமணி அக்கா நாசரேத் பக்கத்துக்காரர். வேலை தேடி இருபத்தோரு வயதில் ஓசூருக்கு வந்தார். வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பாகம் சரியில்லை என்றால் பொத்தானை அமுக்கி ஓர் உற்பத்தி லைன் முழுவதையும் நிறுத்துவார். சூப்பர்வைசர் ஓடி வருவார், மேனேஜர் ஓடி வருவார். அக்கா நகர மாட்டார். ஒரு நாளைக்கு மூன்று முறை நிறுத்தியதாகவும் கேள்வி. வேலைக்கு வந்த நாலாம் வருடம், பக்கத்துக் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஊத்தங்கரை நல்லுசாமியைக் கல்யாணம் செய்துகொண்டார். நல்லுசாமி அண்ணன் இன்றுவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆடியில் ஊர்க் கோயிலுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கூரை அதிரப் பாடுவார்.

பாட்டு என்றா சொன்னேன்? ராகம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அதோடு எல்லோரும் இரண்டாம் சரணத்துக்குப் போனபின்னும் அவர் முதல் சரணத்திலேயே இருப்பார். திரையில் பாட்டு வரி மாறினால்தான் அவர் மாறுவார். நான் இவரைச் சுருதி தெரியாத மனிதர் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, நேரலையில் அவர் பக்கத்து மைக்கை அணைத்துவிடுவேன்.

நான் வந்த புதிதில் பாட்டு வரிகளுக்குப் பின்னால் கடல் அலை ஓடவிட்டேன். எழுத்து இளமஞ்சள், அலை வெளிர்நீலம். அன்று நல்லுசாமி அண்ணன் ஒரு பாட்டு முழுக்கப் பல்லவியையே பாடினார். ஆராதனை முடிந்ததும் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அலை நல்லாருக்கு. அதைக் கடலுக்கே அனுப்பிருங்க. கறுப்புல வெள்ளை எழுத்து போதும்."

"அக்கா, இது இப்போ டிரெண்டு."

"எங்க கம்பெனில இதை ரிஜெக்ட்னு சொல்லுவோம்."

அடுத்த வாரமே அக்கா மேசைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளுக்காக அந்த எழுத்துகளையும் அடிக்கக் கற்றுக்கொண்டார். நான் கேமராவை மெதுவாக நகர்த்திச் சிலுவையிலிருந்து கித்தாருக்கும் கித்தாரிலிருந்து சிலுவைக்கும் போய்வந்துகொண்டிருக்க, சபை உண்மையில் நடந்தது அவருடைய விரல்களில்.

ஆண்டான் விளக்கும் அவர் கொண்டு வந்ததுதான். கம்பெனிகளில் லைனுக்கு மேலே நிற்குமே, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றடுக்கு விளக்கு, அதற்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் அது. பழைய இரும்புக் கடையில் ஒன்றைப் பிடித்தார். நல்லுசாமி அண்ணன் ஒயர் இழுத்து, பாஸ்டர் கண்ணில் படுகிற மாதிரி பின்சுவரில் மாட்டினார். சுவிட்ச் எங்கள் மேசையில். பச்சை என்றால் பேசலாம். மஞ்சள் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், ஷிஃப்ட்டுக்கு ஆள் போக வேண்டும். சிவப்பு என்றால் ஏதோ கோளாறு, நிறுத்து. ஒரே வாரத்தில் சபையில் அது 'ஆண்டவர் விளக்கு' ஆகிவிட்டது. பாகலூர் மங்கம்மா, சிவப்பு எரிந்தால் திரும்பிக் கைகூப்பி ஜெபிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, அது மெஷின் பேரு," என்றார் அக்கா.

"உண்ட்டே உண்ட்டுந்தி, இருந்தா இருக்கட்டும். எரியறப்போ பாஸ்டரே வாய மூடறாரு, நான் கும்பிடக் கூடாதா?"

அடுத்தது அடிவரி. பாஸ்டர் பேசப் பேச, அதன் சாரத்தை அக்கா திரையின் அடியில் ஒரு பட்டையில் அடித்துக்கொண்டே போவார். பத்து நிமிடப் பேச்சு நாலு வரியாகும். "நான் என்ன சொன்னேன்னு கீழ பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்" என்பார் பாஸ்டர். நான் அந்தப் பட்டைக்கு ஓரம் மடித்து, பொன்னிறக் கோடு போட்டேன். அந்தக் கோட்டின் பலத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'ஊழியத்தில் காட்சிமொழி' என்று தலைப்பு. அடிவரியைத் திரையில் காட்டி, பார்வையாளரின் கண்ணைப் பிடித்து வைக்க நான் கண்டுபிடித்த உத்தி இது என்று நாற்பது நிமிடம் விளக்கினேன். கைதட்டினார்கள். திரும்பி வருகிற பஸ்சில், கூட வந்திருந்த அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"நல்லாப் பேசுனீங்க தம்பி. அந்த வரி எதுக்குன்னுதான் சொல்லவே இல்ல."

"எதுக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. பிரஸ் ஷாப்புல இருபத்திரண்டு வருசம். ரெண்டு காதும் போச்சு. நான் பேசுனா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். பாஸ்டருக்கு மீசை."

 இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"காது கேக்காதவருக்குன்னு சொன்னா பாவம்னு பார்ப்பாங்க. டிசைனுன்னு சொன்னா கைதட்டுறாங்க. இருக்கட்டும்."

அதன்பிறகு மைக்கை அணைப்பதை நிறுத்தினேன். என் மனமாற்றத்தின் மொத்த அளவு அவ்வளவுதான். டைப் அடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி என்று அக்கா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டைரக்டர்கள் டைப் அடிப்பதில்லை.

புதன் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது நல்லுசாமி அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்:

"ஹரீசு, நாளைக்கு அடக்கத்துல வரி வருமாப்பா? அவளப் பத்தி என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"வரும்ணா," என்று தலையை ஆட்டினேன். உதட்டைப் பெரிதாக அசைத்து இன்னொரு முறையும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? டைப் அடித்துப் பழகியிருக்க வேண்டும். நான் அஞ்சலி வீடியோ செய்தேன். எந்த எழுத்துரு என்பதற்கே ஒன்றரை மணி நேரம் போனது. புறா பறக்கிறது, மெழுகுவர்த்தி அணைகிறது, அக்காவின் படம் புகையிலிருந்து வருகிறது. வியாழன் காலை அதைப் பாஸ்டரிடம் காட்டினேன். முழுக்கப் பார்த்தார், நல்ல மனிதர்.

"ரொம்ப நல்லாருக்குப்பா. இதைப் போட வேண்டாம். வரி மட்டும் ஓடட்டும்."

பதினொரு மணிக்கு அடக்க ஆராதனை தொடங்கியது. பெட்டியை மேடைக்குக் கீழே வைத்திருந்தார்கள். நல்லுசாமி அண்ணன் மூன்றாம் வரிசைக்கு வந்து உட்கார்ந்தார். முன்னால் வாங்க என்று கூப்பிட்டதற்கு, இங்கிருந்துதான் திரை நேராகத் தெரியும் என்றார்.

பாட்டுகள் எப்படியோ போயின. பிறகு பாஸ்டர் பேச எழுந்தார். அக்கா அந்தப் பேச்சை எப்படி நாலு வரியாக்கினார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது, அதாவது புரியவில்லை. எதை விடுவது என்று தெரியாதவன் எல்லாவற்றையும் அடிக்கப் பார்த்தேன். நான் ஆங்கில எழுத்தில் அடித்து அதைத் தமிழாக மாற்றிக்கொள்கிற ஆள். 'நாசரேத்' என்று அடித்தால் 'நாசமே' என்று வருகிறது. அழித்தேன். பாஸ்டர் அதற்குள் அக்காவின் கல்யாணத்துக்கு வந்துவிட்டார். நான் இன்னும் அக்காவை நாசரேத்தில் பஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். திரையில் ஒரு வரி அரைகுறையாக நின்றது. மூன்றாம் வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. அண்ணன் கோபப்படவில்லை. காத்திருந்தார்.

பாஸ்டரைக் கொஞ்சம் மெதுவாக்கலாம் என்று மஞ்சளைப் போட்டேன். மஞ்சள் என்றால் முடி என்பதல்லவா வழக்கம்? அவர் பதறி, "கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்று முன்பைவிட வேகம் எடுத்தார். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். திரையில் இருந்தது அரை வரி.

சிவப்பைப் போட்டேன்.

பாஸ்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். சபை நின்றது. மங்கம்மா திரும்பிக் கைகூப்பினார்.  நூற்றைம்பது பேர் எனக்காகக் காத்திருக்க, ஒரு சாவில், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பாஸ்டர் கடைசியாகச் சொன்னது நம் சகோதரி மரித்துப் போனார் என்பது. திரையில் ஏறியது இது:

'நம் சகோதரி எல்லோரையும் விட்டு மறித்துப் போனார்.'

பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்குச் சின்ன ர, பெரிய ற தகராறு. முன்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. அழிக்கக் கையை நீட்டுவதற்குள் நல்லுசாமி அண்ணனின் குரல் தகரத்தில் மோதியது.

"சரியாத்தான போட்டிருக்கான்! மறிக்காம இருந்தாளா? கம்பெனில மறிச்சா, ஊட்ல மறிச்சா, ஆடிக்கு ஊருக்குக் கெளம்புனா வாசல்ல நின்னு மறிச்சா, 'சாப்ட்டுட்டுப் போ'ன்னு!"

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலரும். அண்ணனும் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறாக மாறி, தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் கைவைத்தார். அந்த வரியை நான் அழிக்கவில்லை. தைரியத்தால் அல்ல, எந்தப் பொத்தான் என்று மறந்துவிட்டது.

அதன்பிறகு பாஸ்டர் புரிந்துகொண்டார். ஒரு வாக்கியம் சொல்வார், பின்சுவரைப் பார்ப்பார். நான் அடித்து முடித்துப் பச்சை போடுவேன். அடுத்த வாக்கியம். அந்த வேகத்தில் வளவளவென்று எதையும் சொல்ல முடியாது. சொல்லத் தகுந்ததை மட்டும் சொன்னார். அக்கா லைனை நிறுத்தியதை, மூன்று மொழியில் அடித்ததை, யாருக்காக அடித்தார் என்பதையும். அதை அடிக்கும்போது எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. அந்த வரியில் எத்தனை பிழை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டியது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அண்ணன் ஒவ்வொரு வரியையும் உதடு அசைத்துப் படித்தார்.

கல்லறைத் தோட்டத்தில் திரை இல்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நான் கேமராவைத்தான் எடுத்துப் போயிருந்தேன். குழியருகில் பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தார். அண்ணன் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. என்னுடையது மட்டும் கேமராவில் இருந்தது. மண் போட்டு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"என்னா சொன்னாரு ஹரீசு?"

"எழுதித் தர்றேண்ணா," என்று காற்றில் எழுதிக் காட்டினேன். "எல்லாத்தையும்." தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டேன். படம் அருமை, சூரியன் பின்னால் இருக்க, தூசியெல்லாம் பொன்னாகத் தெரிகிறது. குரல் பதிவாகவில்லை, மைக்கைச் செருகாமல் விட்டிருக்கிறேன். பாஸ்டரைக் கேட்டேன். ஜெபித்தது அவருக்கு நினைவில்லை என்றார். என் நினைவில் இருப்பதை எழுதலாம் என்று உட்கார்ந்தவன், ஜெபத்தை விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்கான தாளில் இதுவரை மூன்று வரி இருக்கிறது. நாலாவது வரி 'இவளுடைய கைகளை' என்பதோடு நிற்கிறது.